மேடை ஏறினால் சாகும் பெடல்

போனக்காடு எஸ்டேட்,
வித்துரா வழி.
22-1-1979

தம்பி தாணுமாலையனுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். நேற்று காலையில் நீ கொண்டுபோன ஃபஸ் பெடல் பத்திரமாகக் கரமனை போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக நீ விட்டுப்போன ரேடியோ என் மேஜைமேல் இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி மாற்றிக்கொண்டோம், சரி. ஆனாலும் சிலதை எழுத்தில் வைப்பது நல்லது. இருபது வருஷமாக எஸ்டேட் ஆபீசில் கிளார்க். வாயால் சொன்னது மழையோடு போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

என் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அதை நீ வாசித்துப் பார்த்தாய். காலால் சுவிட்சை மிதித்ததும் உன் பாஸ் கிட்டாரின் சத்தம் தடித்து உறுமி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நான் தேடுனது இதுதான் அண்ணே" என்று நீயேதான் சொன்னாய். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் கொச்சியில் ஒரு கப்பல் பாண்டுக்காரனிடம் வாங்கியது அது. உள்ளே பட்டாணி அளவில் இரண்டு பழையகாலத்து டிரான்சிஸ்டர்கள் உண்டு. அவைதான் அதன் உயிர், நம் ஊரில் கிடைக்காது. ஆகவே பின்பக்கத்துத் திருகாணிகள் நான்கிலும் ஆபீஸ் அரக்கை உருக்கி வைத்திருக்கிறேன். அரக்கு போயிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீ யார் என்பதை மறந்துவிட்டு நான் அதைக் கொடுக்கவில்லை. உன் அக்காள் புருஷன் நாகேஸ்வரன்தான் நான் பாஸ் வாசித்த சொரிமுத்துவின் பாட்டு ட்ரூப்பில் ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொண்டிருந்தவன். இங்கே வீட்டில் உறுமின பெடல் அங்கே மேடையில் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்துச் செத்தது. அவன் கைவேலை என்று நான் சொன்னேன். சொரிமுத்து விசாரித்து அவனை ட்ரூப்பை விட்டு அனுப்பினான். அன்றைக்கே நானும் மேடையை விட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அதே ட்ரூப்பில் பாஸ் வாசிக்கிற நீ, அதே பெடலைத் தேடி மலையேறி வந்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததால் யோசிக்கவில்லை என்று எண்ணிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
சத்தியதாஸ்

*

கரமனை,
14-2-1979

மரியாதைக்குரிய சத்தியதாஸ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதித்ததற்குக் காரணம், நல்ல சேதியோடு எழுதலாம் என்று இருந்ததுதான். நல்ல சேதி இல்லை.

ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறேன். இப்போதைய பாட்டுகளுக்கு அந்த உறுமல் இல்லாமல் முடியாது. திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு பெடல் வேறு யாரிடமும் இல்லை. இருந்திருந்தால் உங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டேன். அத்தானை ட்ரூப்பில் எப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து ஒருவன் நாணயமாக நின்று வாசித்து நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்றுதான் நான் அதில் சேர்ந்தேன்.

ஆரியசாலையில் வேலை பார்க்கிற கடைக்குப் போகுமுன் தினமும் விடியற்காலையில் ஆற்றுப் பக்கத்து அறையில் வாசித்துப் பழகினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. போன சனிக்கிழமை ஒரு காலேஜ் ஆண்டு விழா. பிற்பகல் மூன்று மணிக்குத் தகரக் கொட்டகையில் நிகழ்ச்சி. மூன்றாவது பாட்டில் பெடலை மிதித்தேன். உறுமல் வரவில்லை. எண்ணெய் இல்லாத ஸ்டவ் மாதிரி விட்டு விட்டுச் சீறியது, பிறகு அதுவும் நின்றது. சுருதி விட்ட பாட்டைப் பாடகி எப்படியோ இழுத்து முடித்தாள். பேட்டரி புதியது. வயரை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் போட்டால் நன்றாக வாசிக்கிறது. என்ன செய்து கொடுத்தீர்கள் அண்ணே? மனதில் ஒன்றும் வைக்காமல்தான் கேட்கிறேன்.

தங்கள்,
தாணுமாலையன்

*

போனக்காடு,
20-2-1979

தம்பிக்கு,

மனதில் ஒன்றும் வைக்காமல் கேட்கிற கேள்வி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டில் வாசிக்கிறது, மேடையில் வாசிக்கவில்லை என்றால் நான் இங்கே மலைமேல் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்? நீ எழுதியிருப்பது நான் மூன்று வருஷத்துக்கு முன் சொரிமுத்துவிடம் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு என் பேச்சை ஒருவர் விடாமல் நம்பினார்கள், ஏனென்றால் கை வைக்க அங்கே ஒருவன் இருந்தான். இன்றைக்கும் பெடல் அவன் வீட்டு அலமாரியில்தான் தூங்குகிறது. அதை நீ யோசித்தாயா?

நீ கேட்டதால் நானும் ஒன்று கேட்கிறேன். நீ கொடுத்த ரேடியோ என்ன ரேடியோ? திருவனந்தபுரம் நிலையத்தைத் திருப்பினால் வறுகடலைச் சட்டிதான் கேட்கிறது. செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறார். இங்கே வரும்போது நீ அதைப் போட்டுக் காட்டவில்லை, "கரமனையில போட்டா கோயில் மணி மாதிரி கேக்கும் அண்ணே" என்று வாயால்தான் காட்டினாய். நான் பெடலை வாசிக்கக் கொடுத்தேன். நீ வார்த்தையைக் கொடுத்தாய்.

சத்தியதாஸ்

*

கரமனை,
5-3-1979

திரு. சத்தியதாஸ் அவர்களுக்கு,

ரேடியோ எங்கள் வீட்டில் நான்கு வருஷம் ஒரு நாள்கூடக் கரகரக்கவில்லை. அக்காள் வடிவாம்பாளைக் கேளுங்கள், அதில் நேரம் பார்த்துத்தான் உலையே வைப்பாள்.

இதற்கிடையில் இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் ஆயின. இரண்டிலும் அதே கதை. இப்போது ஆம்ப்ளிஃபயர் பார்ப்பவர் சாலை பஜாரிலிருந்து வருகிற புதிய ஆள். அவருக்கு உங்களையும் தெரியாது, எங்கள் அத்தானையும் தெரியாது. அத்தான் மேடைப் பக்கம் வந்தே மூன்று வருஷம் ஆகிறது. பிறகு யார் கை வைத்தது? எனக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றுகிறது. உங்களுக்குப் பிடிக்காதவன் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பெயர் எடுக்கக் கூடாது. அதற்காகவே கொஞ்ச நேரம் வாசித்துப் பிறகு செத்துப்போகிற மாதிரி எதையோ செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

சொரிமுத்து அண்ணாச்சி நேற்று என்னைத் தனியாக அழைத்தார். விஷு நிகழ்ச்சி ட்ரூப்புக்குப் பெரிய இடம் என்றும், அதிலும் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்ததும், "அத்தான் வெட்டுன குழியில மச்சினன் வந்து தண்ணி பாய்ச்சுதான் போல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேயிலை லாரி டிரைவர் லிங்கத்திடம் பெடலைத் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். என்ன செய்தீர்களோ அதைச் சரி செய்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் என் ரேடியோ திரும்பி வரட்டும்.

தாணுமாலையன்

*

போனக்காடு,
12-3-1979

தாணுமாலையனுக்கு,

பெடல் வந்தது. லிங்கம் லாரியை நிறுத்தி இறங்கினதும் அவனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மாட்டி வாசித்தேன். என் பழைய கிட்டாருக்கு மூன்று வருஷத்துக்குப் பிறகு கம்பி முறுக்கினேன். சிங்கம் மாதிரி உறுமியது. ஒரு மணி நேரம் வாசித்தும் ஒரு குறையும் இல்லை. லிங்கம் டீயை ஆற விட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். ஆகவே நான் என்ன செய்து கொடுத்தேன் என்று இனி கேட்க வேண்டாம்.

இப்போது நான் கேட்கிறேன். பின்பக்கத்தில் நான்கு திருகாணிக்கு அரக்கு வைத்தேன். இரண்டில்தான் இருக்கிறது. ஒன்றில் பாதி வழித்தெடுத்த மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் சுத்தமாக இல்லை. திறந்தது யார்? நீயா? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை, உள்ளதைச் சொல்லலாம். நீ இல்லையென்றால் உன் வீட்டில் திருகாணி கழற்றத் தெரிந்தவன் இன்னும் ஒருவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் சொன்னது பொய்யில்லை என்று இந்த அரக்கே சாட்சி சொல்கிறது. இதைச் சொரிமுத்துவுக்கும் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சத்தியதாஸ்

*

கரமனை,
18-3-1979

சத்தியதாஸ் அவர்களுக்கு,

சொரிமுத்து அண்ணாச்சிக்கு எழுத வேண்டாம். கை கூப்பிக் கேட்கிறேன்.

திறந்தது நான்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தேன், மூடினேன், ஒன்றையும் தொடவில்லை. தப்பு என்னுடையது. அத்தானை இதில் இழுக்காதீர்கள்.

அவரை நீங்கள் இப்போது பார்த்ததில்லை. தம்பானூர் பக்கம் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு காலத்தில் இந்த ஊரில் எந்த மேடையில் மைக் ஊளையிட்டாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். இப்போது வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட எழுந்திருப்பதில்லை. அக்காள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். கூப்பிட்டுக்கொண்டே, "நீங்க கை வச்சியளா?" என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்பாள். வேடிக்கைக்குத்தான் கேட்கிறாள் என்று நான் எண்ணிக்கொள்வேன். அவர் பேப்பரைத் திருப்பி அடுத்த பக்கம் படிப்பார்.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விஷு வருகிறது. பெடல் வேண்டும். உங்கள் மனம்போல் செய்யுங்கள்.

தாணுமாலையன்

*

போனக்காடு,
2-4-1979

அன்புள்ள தம்பி தாணுமாலையனுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நான்காவது இது.

முதலில் ரேடியோவைப் பற்றி. போன வாரம் மேல் டிவிஷனில் ஆள் எண்ணிக்கை எடுக்கப் போனேன். பொழுது போக அதையும் எடுத்துப் போயிருந்தேன். மலை உச்சியில் பாறைமேல் வைத்துத் திருப்பினால், திருவனந்தபுரம் நிலையம் நீ சொன்ன மாதிரியே கோயில் மணியாகக் கேட்டது. கீழே குவார்ட்டர்ஸைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. ரேடியோவில் கோளாறு இல்லை, நான் வைத்த இடத்தில்தான் கோளாறு. உன்னைப் பொய்யன் மாதிரி எழுதினேன். மன்னித்துக்கொள்.

திரும்பி இறங்கும்போது வேறொன்று மனதில் உட்கார்ந்துகொண்டது. ரேடியோவுக்கு இடம் ஒரு காரணம் என்றால் பெடலுக்கும் ஏன் இருக்கக் கூடாது? என் வீட்டில் அது ஒருநாளும் சாகவில்லை. இங்கே ஏப்ரலிலும் காலையில் கம்பளி வேண்டும். உன் வீட்டில் விடியற்காலையில் சாகவில்லை. மத்தியானத் தகரக் கொட்டகையில் செத்தது. என் காலத்திலும் கொட்டகைதான், எத்தனை விளக்குகள், எத்தனை ஜனம்.

லிங்கத்தைக் கூட்டிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போனேன். தேயிலையைச் சூட்டுக்காற்றில் உலர்த்துகிற டிரையர் அறையில் கதவைச் சாத்தினால் மனுஷன் வெந்துவிடுவான். அங்கே ஆம்ப்ளிஃபயரை வைத்து, பெடலை டிரையரின் தகரத்தின்மேல் வைத்து வாசித்தேன். பத்து நிமிஷம். முதலில் உறுமல் மெலிந்தது. பிறகு விட்டு விட்டுச் சீறியது. பிறகு ஒன்றுமில்லை. நீ எழுதியபடியே, ஒரு எழுத்து மாறாமல். வெளியே கொண்டுவந்து பனியில் கால் மணி நேரம் வைத்தேன். மறுபடியும் சிங்கம். மூன்று தடவை செய்து பார்த்தேன். அந்தப் பழையகாலத்து டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது, அவ்வளவுதான். யாரும் கை வைக்கவில்லை.

மூன்றாம் தடவை வெளியே எடுத்தபோது லிங்கம் பின்பக்கத்தைக் காட்டினான். மீதி இருந்த அரக்கும் இளகி வழிந்து, பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையில் உன் பாட்டு வரும்வரை நீ அதை ஆம்ப்ளிஃபயர்மேல் வைத்திருந்தாயா? வால்வு ஆம்ப்ளிஃபயர் அடுப்பு மாதிரி காயும். நானும் அப்படித்தான் வைப்பேன். ஆகவே திறந்தது நீ என்று எழுதினாயே, அது பொய் என்று எண்ணுகிறேன். ஏன் சொன்னாய் என்றும் எனக்குத் தெரிகிறது. அதை நான் கேட்கப் போவதில்லை.

இனிமேல் எழுதுவது உனக்கில்லை, நாகேஸ்வரனுக்கு. அவனிடம் வாசித்துக் காட்டு.

நாகேஸ்வரா, அன்றைக்கு நீ என்னிடம், "பெட்டிதான் என்னமோ பண்ணுது சத்தியதாசு, என் பக்கம் ஒண்ணுமில்ல" என்று சொன்னாய். எல்லோர் முன்னாலும் உன் வலது கையைப் பிடித்து முறுக்கித் தூக்கி, "இந்தக் கைதான்" என்று காட்டினேன். நீ கையை உருவிக்கொள்ளக்கூட இல்லை. உருவாததால் நீதான் என்று அப்போது எனக்கு இன்னும் உறுதியாயிற்று. ஒரு பெட்டியை மலையில் வாசித்துப் பார்த்து, ஊரில் ஒரு மனுஷனைக் குற்றவாளி ஆக்கினேன். ஜெபம் பண்ண முட்டி போட்டால் வார்த்தை வரவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு, 22-ஆம் தேதி, காலை பஸ்ஸில் இறங்கி வருகிறேன். சொரிமுத்துவையும் ட்ரூப் முழுவதையும் கூட்டி, நான் முறுக்கின அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்வேன்.

தம்பி, பெடலை லிங்கத்திடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். விஷுவன்று உன் பாட்டு வரும்வரை அதை ஈர மண்பானைக்குள் வைத்திரு. ஆம்ப்ளிஃபயர் பக்கம் கொண்டுபோகாதே.

சத்தியதாஸ்

*

கரமனை,
17-4-1979

அன்புள்ள சத்தியதாஸ் அண்ணனுக்கு,

விஷு நிகழ்ச்சி நன்றாக முடிந்தது. பாடகர்களுக்குக் குடிதண்ணீர் என்று எண்ணி என் பானைக்குள் ஒருவர் டம்ளரை விட்டார், அதைத் தவிர ஒரு இடைஞ்சலும் இல்லை. பெடல் உறுமியது. சொரிமுத்து அண்ணாச்சி தோளில் தட்டி, விஷுவோடு பிறந்த மேட மாதம் முழுவதும் நிகழ்ச்சிகளுக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பேன் என்று இரண்டு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தேன். குதிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அதற்கு முன்பே அத்தானிடம் வாசித்துக் காட்டியிருந்தேன். அக்காள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரையர் அறை வந்தபோது மட்டும், எவ்வளவு நேரத்தில் நின்றது என்று எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றேன். தலையை ஆட்டினார், அவர் எண்ணியிருந்ததும் அவ்வளவுதான் போல.

வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "அரக்க ஒடச்சது நீன்னு ஏண்டே எழுதுன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அரக்கு போயிருக்கிறது என்று உங்கள் கடிதத்தில் படித்த அந்த நிமிஷம் எனக்கு அவர் முகம்தான் வந்தது. சந்தேகம்கூட இல்லை அண்ணே, நிச்சயம். ட்ரூப்பில் அவருக்காகத்தான் நாணயமாக நிற்கிறேன் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேனே, அது அவரை நம்பினதால் இல்லை. அவர் செய்தார் என்று நம்பினதால்தான். மூன்று வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு நாளும் நான் அவரிடம், நீங்கள் செய்தீர்களா என்று கேட்கவில்லை. நீங்கள் கையை முறுக்கியாவது கேட்டீர்கள்.

நான் பேசாமல் நின்றதே அவருக்குப் பதிலாகப் போயிற்று. "சரிடே, போ, கடைக்கு நேரமாச்சு" என்றார்.

நீங்கள் 22-ஆம் தேதி வருவதைப் பற்றி மறுநாள் நானே கேட்டேன். ட்ரூப்பைக் கூட்ட வேண்டாம் என்றார். சொரிமுத்து என்ன எண்ணினால் அவருக்கென்ன, அங்கே போய் இனி வயர் இழுக்கப் போவதில்லையாம். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"சத்தியதாசு வரட்டும். வடிவுட்ட மட்டும் சொல்லச் சொல்லு. நான் அன்னைக்கே சொன்னேன், அவ நம்பல."

அக்காள் ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். உங்கள் கடிதத்தை அவளிடம் நாங்கள் காட்டவில்லை, நீங்கள் வரும்வரை காட்டப் போவதுமில்லை. பஸ் ஸ்டாண்டில் நான் வந்து நிற்கிறேன். தயவுசெய்து வராமல் இருந்துவிடாதீர்கள் அண்ணே. அவர் அன்றைக்கு லாட்ஜில் லீவு சொல்லிவிட்டார்.

தங்கள்,
தாணுமாலையன்